கடலுக்கு வரப்பு உண்டா?



நிலத்திற்குப் பட்டா உண்டு, சர்வேக் கல் உண்டு, வரப்பும் உண்டு. வரப்பைத் தாண்டி ஓர் ஆடு மேய்ந்தாலும் ஊரில் பஞ்சாயத்துக் கூடிவிடும். கடலுக்கு இவற்றுள் எது உண்டு? இந்தக் கேள்வி எங்களுக்குத் தானாகத் தோன்றியதன்று. பள்ளிக் கண்காட்சிக்காக, ‘தூத்துக்குடிக் கடலை யார் யார் பயன்படுத்துகின்றனர்?’ என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் தயாரிக்கும்படி எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை பத்தாம் வகுப்பில் எங்கள் ஆறு பேரிடம் கூறினார். பெரிய சார்ட் அட்டையும் வண்ணப் பென்சில்களும் வாங்கிக்கொண்டு, இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று உற்சாகமாக உட்கார்ந்தோம். முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. இடையில் ஒரே பெஞ்சில் அமரும் இருவர் ஒருவரோடொருவர் பேசாமலும் போயினர். அந்தக் கதையையும், அதனால் நாங்கள் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறோம்.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டோம். கப்பல்களுக்கு நீலம், தீவுகளுக்குப் பச்சை, வள்ளங்களுக்கு மஞ்சள், விசைப்படகுகளுக்குச் சிவப்பு, சங்கு குளிப்போருக்கு ஊதா என வண்ணங்களைப் பங்கிட்டோம். முதலில் துறைமுகத்தை வரைந்தோம். 1974-ம் ஆண்டு பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் இது. அதன் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. எங்கள் அட்டையில் அவை இரண்டு நீண்ட கைகளைப் போல் கிடந்தன. அடுத்து, நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கிய பகுதியை வரைந்தோம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தபோது, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை உள்ள கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்று விதிக்கப்பட்டது. ஒரு கடல் மைல் என்பது 1852 மீட்டர். ஆகவே 3 கடல் மைல் என்பது ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; அட்டையில் ஐந்தரைச் சென்டிமீட்டர். அவ்வளவுதானா என்று எங்களில் ஒருத்தி ஸ்கேலை மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அந்த ஐந்தரைச் சென்டிமீட்டருக்குள்தான் எங்கள் தொல்லை தொடங்கியது. துறைமுகத்தின் கைகள் அதில் நான்கு சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டன. கப்பல் வந்து போகும் பாதையில் வலை போட இயலாது. அனல் மின் நிலையம் தன் இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீரை எடுத்துச் சூடான நீரைத் திருப்பி விடுகிறது. வான் தீவு, காசுவார், காரைச்சல்லி என்னும் தீவுகளைச் சுற்றிலும் பவளப் பாறைகள். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் சேர்ந்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதன் எல்லையைத் தூரத்தால் வகுக்காமல் கடலின் ஆழத்தால் வகுத்திருக்கின்றனர் என்பதை அறிந்தபோது, எங்கள் ஸ்கேல் அங்கே செல்லாது என்பதும் விளங்கிற்று. நீலத்தின் மேல் பச்சை, பச்சையின் மேல் மஞ்சள், அதன் ஓரத்தில் ஊதா என்று தீட்டத் தீட்ட அட்டை சேற்று நிறமாகிவிட்டது. முதல் அட்டையைக் கிழித்துப் போட்டோம்.

நாங்கள் செய்த தவறு என்ன என்பதை ஆசிரியைதான் எடுத்துக் கூறினார். நிலத்தை வரைவதுபோலக் கடலை வரைந்துவிட்டோம். ஒரு வயலில் நெல் இருந்தால் அங்கே வாழை இராது. கடலோ மாடி வீடு போன்றது. மேல்தளத்தில் கப்பல் போகிறது. நடுத்தளத்தில் செவுள் வலை தொங்குகிறது. கீழ்த்தளத்தில் ஒருவர் மூச்சடக்கிச் சங்கு எடுக்கிறார். அதே கீழ்த்தளத்தை விசைப்படகின் இழுவை மடி வாரிக்கொண்டு போகிறது. இவற்றுள் சில ஒன்றோடொன்று ஒத்துப்போகும். சில ஒருநாளும் ஒத்துப்போகா. மேலும் வயல் இரவிலும் வயலாகவே இருக்கும். கடலோ காலையில் ஒருவருக்கும் இரவில் மற்றொருவருக்கும் உரியதாகலாம்.

இவ்வாறு ஒரே கடலைப் பலர் பயன்படுத்தும்போது, யார், எங்கே, எப்போது, எந்தக் கருவியோடு என்பதை முன்கூட்டியே பேசி வகுத்துக்கொள்வதைக் கடல்வெளித் திட்டமிடல் என்கின்றனர். பெயர்தான் புதிது. எங்கள் ஊருக்கு அந்த வேலை பழையது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளாகிய பார்களை முதலில் சோதிப்பர். எந்தப் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறதென்று மாதிரி எடுத்துப் பார்த்து, முதிர்ந்த பாரில் மட்டும் குளிக்க அனுமதிப்பர். இளஞ்சிப்பி உள்ள பாரை ஒருவரும் தொடலாகாது. சங்கிலும் அப்படியே, அளவு வளையத்தில் நுழைந்து விழும் சிறு சங்கு மீண்டும் கடலுக்கே போகவேண்டும். (1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. நாங்கள் முத்துநகரில் பிறந்தும் முத்துக்குளிப்பைக் கண்டதில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் எங்களில் ஒருத்தியின் தாத்தாவைக் கடற்கரையில் கண்டு பேசினோம். அறுபது ஆண்டுகள் வள்ளத்தில் சென்றவர். அன்று வள்ளங்கள் எல்லாம் கரையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ மீனவக் கிராமங்கள் பலவற்றில் பழைய வழக்கம். மனிதனுக்கு மட்டுமா, மீனுக்கும் அன்று ஓய்வுதானே என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். எங்கள் இரண்டாவது அட்டையைத் தாத்தாவிடம் விரித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏ பிள்ளைகளா, பேப்பர்ல மூணு மைலுன்னு கோடு போட்டாச்சு. இறாலுக்கு அந்தக் கோடு தெரியுமா? இறால் எங்க கிடக்கோ அங்கதான் மடி இழுக்கான்” என்றார். கடலில் தூரத்தை எப்படி அறிவீர்கள் என்று கேட்டோம். மாதா கோவில் கோபுரமும் கலங்கரை விளக்கமும் எந்த வரிசையில் தெரிகின்றன என்பதைக் கொண்டு இடத்தைக் குறித்துக்கொள்வாராம். இப்போது அவருடைய மகன் ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கிறார். “ரெண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுது” என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மற்றொன்றைச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாலையில், இரவு போட்ட வலையை அவருடைய மகன் எடுக்கச் சென்றபோது பாதி வலை இல்லை. இழுவை மடி இழுத்துப் போயிருந்தது. வலை வாங்கிய கடன் நின்றது, வலை நிற்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் தோழியின் அக்காளுடைய படிப்பும் நின்றது. இதனை எங்கள் தோழி எங்களிடம் அதுவரை சொன்னதில்லை.

அடுத்த நாள் வகுப்பில் அவள் சிவப்புப் பென்சிலை எடுத்து, அட்டையில் விசைப்படகுகளுக்குரிய பகுதியைச் சிறிதாக்கி, தூரத்தில் தள்ளி வரைந்தாள். எங்களில் மற்றொருத்தியின் அப்பா விசைப்படகில் வேலை செய்பவர். அவள் ரப்பரால் அதை அழித்தாள். ‘உங்கள் ஆட்கள்’, ‘எங்கள் ஆட்கள்’ என்று பேச்சு வளர்ந்தது. பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்தனர். அட்டையை ஒருவரும் தொடவில்லை. எங்கள் ஆறு பேருக்குள்ளேயே ஒரு சாண் அகலத் தாளைப் பங்கிட முடியவில்லை என்றால் உண்மைக் கடலை எவ்வாறு பங்கிடுவது என்று எஞ்சிய நால்வரும் திகைத்தோம்.

மூன்று நாள் கழித்து அந்த இரண்டாம் தோழியின் அப்பாவையும் கேட்டுவிடுவது என்று தீர்மானித்துப் போனோம். அவர் கோபிக்கவில்லை. “நானும் கூலிக்காரன்தாம்மா. படகு வேற ஆளோடது. பாடு இல்லேன்னா எனக்குப் பங்கும் இல்ல” என்றார். காலை ஐந்து மணிக்கு முன் துறையை விட்டுப் புறப்படக்கூடாது, இரவு ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது 1983-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசைப்படகுகளுக்கு வகுத்த விதி. அந்த நேரத்திற்குள் வெகுதூரம் போய்வந்தால் டீசலுக்கே பாடு போய்விடும் என்று கணக்குக் காட்டினார். கரைக்கு அருகே போனால் வள்ளத்தாரின் வயிற்றில் அடிப்பது. தூரம் போனால் தம் வயிற்றில் அடிப்பது. வலை அறுந்த செய்தியைக் கேட்டதும் அவர் முகம் வாடிற்று. “இருட்டுல வலை எங்க கிடக்குன்னு யார் கண்டா? மிதவையில விளக்கு இருந்தா விலகிப் போவோம்” என்றார். சிலர் தெரிந்தேதான் இழுக்கின்றனர் என்று எங்கள் தோழி சொன்னாள். அவர் அதை மறுக்கவுமில்லை.

ஒன்பது மணி விதியை நாங்கள் முன்பே புத்தகத்தில் படித்திருந்தோம். ஆனால் அதன் பொருள் அன்றுதான் புரிந்தது. கடலை அது நேரத்தால் பங்கிடுகிறது. பகல் இருவருக்கும், இரவு வள்ளத்திற்கு. பாக் நீரிணைப் பகுதியில் நாளால் பங்கிடுகின்றனர். அங்கே வாரத்தில் மூன்று நாள்கள் விசைப்படகுகளுக்கும், நான்கு நாள்கள் நாட்டுப் படகுகளுக்கும் என்று ஏற்பாடு. பருவத்தாலும் பங்கீடு உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனம் பெருகும் காலத்தை முன்னிட்டு 2001 முதல் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை விதிக்கப்பட்டு வந்தது. 2017-ல் அது 61 நாள்களாயிற்று. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. எங்கள் இரண்டாம் தோழியின் வீட்டில் கோடை விடுமுறை என்றால் அப்பாவும் வீட்டில் இருப்பார், காசு மட்டும் இராது.

நூலகத்தில் தேடியபோது, எங்களைப்போலவே வண்ணம் தீட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் இருப்பதை அறிந்தோம். அங்குள்ள பெரும் பவளத்திட்டு 3,44,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடற்பூங்கா. அதற்கெனத் தனிச்சட்டம் 1975-ல் இயற்றப்பட்டது. மீன்பிடித்தலே கூடாத பகுதிக்குப் பச்சை, தூண்டில் முதலிய சிறு அளவு மீன்பிடிப்புக்கு மஞ்சள், பலவகைப் பயன்பாட்டுக்கு வெளிர்நீலம் என்று வரைபடம் வைத்திருக்கின்றனர். 2004-ல் அதைத் திருத்தி எழுதியபோது, மீன்பிடிக்கலாகாத பகுதி நூற்றுக்கு 5 பங்கிற்கும் குறைவாக இருந்தது ஏறத்தாழ 33 பங்காக உயர்ந்தது. அதற்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்டனர். வந்து சேர்ந்தவை 31,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள்! தொழில் இழந்தவர்களுக்கு அரசு உதவித்தொகையும் கொடுத்தது. இதைப் படித்ததும் எங்கள் சண்டை எங்களுக்கே சிறிதாகத் தோன்றிற்று. முப்பத்தோராயிரம் பேர் ரப்பரும் பென்சிலுமாக ஓர் அட்டையைச் சுற்றி நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டிலும் இப்பணி தொடங்கியிருக்கிறது. நார்வே நாட்டோடு 2019-ல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, புதுச்சேரியும் இலட்சத்தீவும் முன்மாதிரிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இதில் எங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றியது ஒன்று. 1950-களில் கொல்லம் அருகே நீண்டகரையில் விசைப்படகுகளை அறிமுகப்படுத்த உதவியதும் இதே நார்வேதான். படகைப் பெருக்கவும் அவர்கள் வந்தார்கள், இடத்தைப் பங்கிடவும் அவர்கள் வந்தார்கள்!

எங்கள் கடலுக்குத் திட்டம் அவசரம் என்று நாங்கள் கருதுவதற்குக் காரணம் உண்டு. தமிழகக் கரையை ஒட்டிய கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளை நிறுவ உதவும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் அளித்தது. காற்றாலை நல்லதுதான், நிலக்கரிப் புகையைக் குறைக்கும். ஆனால் அதன் தூண்கள் கடலடியில் ஊன்றப்படும், மின்கம்பிகள் அடியில் ஓடும். அங்கே மடி இழுக்க முடியாது. அப்போது விசைப்படகு எங்கே நகரும்? கரையை நோக்கித்தான் நகரும் என்பது எங்கள் அச்சம். அங்கே ஏற்கெனவே ஐந்தரைச் சென்டிமீட்டரில் எல்லோரும் நெருங்கிக்கொண்டிருக்கின்றனர். வெளிப்பக்கமும் விரிய இடமில்லை. நாடுகளுக்குக் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உரிமை உண்டு என்று பாடத்தில் படிக்கிறோம். எங்கள் அளவின்படி அதற்கு 370 சென்டிமீட்டர் தாள் வேண்டும். ஆனால் மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் இலங்கை இருப்பதால், 1976-ம் ஆண்டு ஒப்பந்தப்படி எல்லைக்கோடு அதற்கு வெகுமுன்பே வந்துவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு; அதற்கப்பால் மத்திய அரசு. காலையில் மாநிலத்தில் இருந்த சீலா மீன் மாலையில் மத்திய அரசிடம் போய்விடும்.

திட்டமின்றி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பச்சைப் பென்சிலே சாட்சி. விலாங்குச்சல்லி என்றொரு தீவை வரைய ஏடுகளில் தேடினோம். அது நீருக்குள் மூழ்கிவிட்டது. சுற்றியிருந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் ஆண்டுக்கணக்காக வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு 2001-ல் கிடைத்தது. தீவுக்கு அது பிந்திப்போன உதவி. வான் தீவும் தேய்ந்து வந்ததால், அலையின் வேகத்தைத் தணிக்க அதன் அருகே செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கின்றனர்.

எனினும் பாதுகாப்பு என்னும் பெயரில் கோடு போடும்போது யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். பாம்பன் பக்கத்தில் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி சேகரித்து வாழ்ந்த பெண்களுக்குத் தேசியப் பூங்கா வந்தபின் அங்கே செல்வது குற்றமாயிற்று. அவர்கள் வெறுமனே அழுதுகொண்டிருக்கவில்லை. மாதத்தில் 12 நாள்களே பாசி எடுப்பது, உலோகச் சுரண்டியைப் பயன்படுத்தாமல் கையால் எடுப்பது என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டனர். அவர்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015-ல் சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்தது. பள்ளியில் அதிகம் படித்தறியாத ஒரு தாய் கடலடியைக் காக்கும் விதியை வகுத்தார் என்பது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. எங்கள் வரைபடத்தில் அதுவரை ஒரு பெண் கூட இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம். வெட்கமாக இருந்தது. மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கும், கருவாடு காயப்போடும் மணலுக்கும் கரையோரத்தில் ஆரஞ்சு வண்ணம் சேர்த்தோம்.

மூன்றாவது அட்டையை வேறு முறையில் செய்தோம். ஒரே படமாக வரையாமல், மெல்லிய டிரேசிங் தாள்களில் நான்கு படங்கள் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் புரட்டும்படி தைத்தோம். ஒன்று பகல், ஒன்று இரவு, ஒன்று தடைக்காலம், ஒன்று கடலடி. சண்டையிட்ட இருவருமே இரவுத்தாளை வரைவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டனர். ஒருத்தி வலைகளை வரைய, மற்றவள் ஒவ்வொரு மிதவையின் மேலும் சிறு மஞ்சள் விளக்கு வரைந்தாள். அப்போதும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

கண்காட்சியன்று இரண்டு தந்தையரும் வந்தனர். தாத்தாவும் வந்தார். வள்ளத்தில் செல்பவர் இரவுத்தாளைப் புரட்டி, எங்களிடம் ஒரு பென்சில் கேட்டு வாங்கி, தம் வலை போன இடத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி இட்டார். மற்றவர் குனிந்து பார்த்தார். “அது பார் கிடக்கிற இடமாச்சே, அங்க மடி போட்டா மடியும்லா கிழியும்” என்றார். அதன்பின் இருவரும் தாளின்மேல் விரலை வைத்து, எங்களுக்குப் புரியாத பெயர்களைச் சொல்லி நெடுநேரம் பேசினர். பார்களின் பெயர்களாம். பென்சில் குறிகள் பத்துப் பன்னிரண்டு ஆகிவிட்டன.

மாலையில் ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, அந்தக் குறிகளை மையால் அழுத்தி எழுதிவிடலாமா என்று கேட்டார். தாத்தா வேண்டாம் என்றார். வாடைக் காலத்திற்கு ஓரிடம், கச்சான் காலத்திற்கு ஓரிடமாம். ஆறு மாதத்தில் அழித்துவிட்டு வேறு போட வேண்டியிருக்குமாம். ஆகவே குறிகளைப் பென்சிலிலேயே விட்டு, ஒரு ரப்பரை நூலில் கட்டி வரைபடத்தின் ஓரத்தில் தொங்கவிட்டோம்.